மென்பாஸ்டலும் வெப்பமண்டல நிலக்காட்சியும்

மென்பாஸ்டல் என்பது நிறமிப் பொடியுடன் சுண்ணப்பொடியும் மிகச் சிறிதளவு பிசினும் சேர்த்துப் பிசைந்து, குச்சியாக உருட்டி உலர்த்திய வண்ணப் பொருள். எண்ணெய், நீர், தூரிகை எதுவும் இல்லாமல் நேரடியாகத் தாளில் தேய்த்து வரையப்படுவது. பிசைந்த மாவைக் குறிக்கும் 'பாஸ்டா' என்ற இத்தாலியச் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது. குளிர்நாடுகளில் உருவப்படம் வரைவதற்காக வளர்ந்த இந்தக் கலை தென்னையும் பனையும் ஏரியும் கொண்ட நிலக்காட்சிகளுக்கு மிகத் தாமதமாகவே வந்து சேர்ந்தது. ஓவியர்களின் திறமையைவிட இரண்டு பொருள்கள்தான் இந்தத் தாமதத்துக்குக் காரணமாயின. ஒன்று கண்ணாடி, மற்றொன்று காற்றின் ஈரம். முதலாவதன் வரலாறு பிரான்சில் தொடங்கி, காஞ்சிபுரம் மாவட்டத்திலுள்ள ஸ்ரீபெரும்புதூர் வரை நீள்கிறது.

பொடியும் பிசினும்

எண்ணெய் ஓவியத்தில் நிறமித் துகள்கள் எண்ணெய்ப் படலத்துக்குள் சிறைப்பட்டிருக்கும். நீர்வண்ணத்தில் கருவேலம் பிசின் போன்ற ஒன்று துகள்களைத் தாளோடு ஒட்டிவைக்கும். மென்பாஸ்டலில் இவ்வகை ஒட்டு ஏறக்குறைய இல்லை. குச்சி கையில் உடையாமல் நிற்பதற்குத் தேவையான அளவுக்கே டிராகாந்த் பிசின் சேர்க்கப்படுகிறது. தாளில் தேய்க்கும்போது அதன் சொரசொரப்பான மேற்பரப்பில் துகள்கள் சிக்கி நிற்கின்றன, அவ்வளவுதான். விரல் பட்டால் கலையும், ஓங்கித் தட்டினால் உதிரும்.

இந்தக் குறையே அதன் அழகுக்கும் காரணம். ஒட்டுப்பொருளின் படலம் மேலே இல்லாததால், விழும் ஒளி ஒவ்வொரு துகளிலும் பட்டுப் பல திசைகளில் சிதறுகிறது. வண்ணத்துப்பூச்சியின் சிறகிலும் மாம்பழத்தின் மேலுள்ள சாம்பல் பூச்சிலும் காணும் மென்மை இப்படி வருவதே. எண்ணெய் வண்ணம் காலப்போக்கில் மஞ்சளாகும், வெடிக்கும். நல்ல நிறமியில் செய்த பாஸ்டலுக்கு இந்த இரண்டு நோயும் இல்லை. 1750-களில் வரையப்பட்ட பாஸ்டல் முகங்கள் இன்றும் நேற்று வரைந்தவைபோல இருப்பதை ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் காணலாம்.

தமிழ்நாட்டுக் கடைகளில் 'பாஸ்டல்' என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது எண்ணெய்ப் பாஸ்டல். அது வேறு பொருள். மெழுகும் உலராத எண்ணெயும் கலந்தது, பொடி உதிராது, பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏற்றது. ஜப்பானின் சகுரா நிறுவனம் 1925-இல் அதை அறிமுகப்படுத்தியது. மெழுகுக் க்ரேயான் மூன்றாவது வகை. இம்மூன்றையும் ஒரே பெயரில் அழைப்பதால் மென்பாஸ்டலைத் தொட்டறியாமலேயே அதை அறிந்ததாக நினைப்பவர்கள் பலர்.

உலர்பொடியால் படம் வரைவது தென்னிந்தியாவுக்குப் புதிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். வாசலில் கோலமாவு இழுக்கும் ஒவ்வொரு கையும் ஒட்டுப்பொருள் இல்லாத வண்ணத்தைத்தான் கையாள்கிறது. கேரளத்தின் களமெழுத்தில் அரிசிமாவு, உமிக்கரி, மஞ்சள், மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்த சிவப்பு, இலையிலிருந்து இடித்த பச்சை ஆகிய ஐந்து பொடிகளைக் கொண்டு தரையில் தெய்வ உருவங்கள் பெரிதாக எழுதப்படுகின்றன. சடங்கின் முடிவில் களம் அழிக்கப்படும். கோலமும் மாலைக்குள் மிதிபட்டு மறையும். உதிர்வது பொடியின் இயல்பு என்று ஏற்றுக்கொண்டு, அழிவதையும் கலையின் பகுதியாக வைத்துக்கொண்ட மரபுகள் இவை. அதே பொடியை நூற்றாண்டுகளுக்குக் காப்பாற்ற முயன்றது ஐரோப்பியப் பாஸ்டல். அதற்குக் கண்ணாடி தேவைப்பட்டது.

கண்ணாடி வந்த பிறகு

பாஸ்டலை உயர்கலையாக நிலைநிறுத்தியவர் வெனிஸ் நகரின் ரோசால்பா கரியேரா. அவர் 1720-இல் பாரிசுக்குச் சென்று ஓராண்டு காலம் தங்கி வரைந்தபோது, அரச குடும்பத்தினரும் செல்வந்தர்களும் தங்கள் உருவப்படத்துக்காகக் காத்திருந்தார்கள். அவர் ஊர் திரும்பிய பின் பிரான்சில் பாஸ்டல் ஓவியர்கள் பெருகினர். அவர்களில் தலையாயவர் மோரிஸ் கான்தேன் தெ லா தூர் (1704–1788).

கரியேராவின் படங்கள் பெரும்பாலும் சிறியவை. தலையும் தோளும் மட்டும் கொண்டவை. லா தூர் வரைந்தவற்றில் சில ஆளுயரத்தை எட்டுகின்றன. 1741-இல் அவர் காட்சிக்கு வைத்த கப்ரியேல் பெர்னார் தெ ரியேவின் உருவப்படம் ஏறத்தாழ 2 மீட்டர் உயரம், ஒன்றரை மீட்டர் அகலம். 1755-இல் முடித்த மதாம் தெ பொம்பதூரின் உருவப்படம் சுமார் 177 செ.மீ. உயரம் கொண்டது. பல தாள்களை ஒட்டிச் சேர்த்து வரையப்பட்ட இவ்வளவு பெரிய பொடி ஓவியத்தைக் காப்பாற்ற, அதே அளவுக்குத் தெளிவான கண்ணாடிப் பலகை வேண்டும்.

அத்தகைய பலகை ஐம்பது ஆண்டுகளுக்கு முன்வரை உலகில் இல்லை. கண்ணாடித் தொழிலில் அதுவரை வெனிஸ்தான் முதலிடத்தில் இருந்தது. அங்கே உருகிய கண்ணாடியைக் குழலால் ஊதி, உருளையாக்கி, வெட்டி விரிப்பார்கள். மனிதனின் மூச்சு எவ்வளவு பெரிதாக ஊத முடியுமோ அதுவே பலகையின் எல்லை. வெனிசிடம் கண்ணாடி வாங்கிப் பணம் செலவழிவதைத் தடுக்க, பதினான்காம் லூயியின் அமைச்சர் கோல்பேர் 1665-இல் அரச கண்ணாடித் தொழிற்சாலை ஒன்றை நிறுவினார். அந்த நூற்றாண்டின் இறுதியில் அங்கே ஒரு புதிய முறை வந்தது. உருகிய கண்ணாடியை உலோக மேசைமேல் ஊற்றி, உருளையால் பரப்பி, ஆறவைத்து, இருபுறமும் தேய்த்து மெருகேற்றினார்கள். மூச்சின் எல்லை அதோடு உடைந்தது. இந்த முறைக்கான உலைகள் பிகார்டி வட்டாரத்தின் சான்-கோபேன் என்ற சிற்றூரில் அமைந்தன. ஊரின் பெயரே நிறுவனத்தின் பெயரும் ஆயிற்று. லா தூர் பிறந்த சான்-கான்தேன் நகரமும் அதே வட்டாரத்தில்தான் இருக்கிறது.

18-ஆம் நூற்றாண்டுப் பிரான்சில் பாஸ்டல் இவ்வளவு செழித்ததற்குப் பெரிய கண்ணாடிப் பலகைகள் கிடைத்ததும் ஒரு காரணம் என்று கலை வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். ஓவியத்தின்மேல் வைக்கும் கண்ணாடிக்கே பெரும் செலவான காலம் அது. பாஸ்டல் படத்தை வீட்டில் மாட்டியிருப்பதே செல்வத்தின் அடையாளமாகப் பார்க்கப்பட்டதில் வியப்பில்லை. புரட்சிக்குப் பிறகு அந்தச் செல்வர்களோடு பாஸ்டலும் மதிப்பிழந்தது. முகப்பவுடரும் பாஸ்டலும் ஒரே உலகத்தின் பொருள்களாகத் தெரிந்தன.

மறுபடியும் அதைத் தலைநிமிரச் செய்தவர் எட்கார் தெகா (1834–1917). அடுக்கடுக்காக வண்ணமேற்றி, ஒவ்வோர் அடுக்குக்கும் இடையே நிலைநிறுத்தும் திரவம் தெளித்து, எண்ணெய் ஓவியத்தின் கனத்தைப் பொடியில் கொண்டுவந்தார். அந்தத் திரவத்தின் செய்முறையை இத்தாலிய நண்பர் லூயிஜி கியாலீவாவிடமிருந்து பெற்றதாகச் சொல்வார்கள். அது இன்றுவரை முழுமையாகப் பிடிபடவில்லை. தெகாவின் காலத்திலேயே பாஸ்டல் வெப்பமண்டலத்துக்குப் போனது. போல் கோகேன் 1887-இல் கரீபியத் தீவான மார்டினிக்கில் சில மாதங்கள் தங்கினார். அங்கே பழம் சுமக்கும் பெண்களைப் பாஸ்டலில் ஆய்வுப்படங்களாக வரைந்தார். அவற்றை வைத்து எண்ணெயில் வரைந்த படங்களில் மரங்கள் சுவர்போல அடர்ந்து, வானத்துக்கு இடமின்றி நிற்கின்றன. குளிர்நாட்டு நிலக்காட்சியில் பாதித் தாளை ஆளும் வானம் இங்கே ஒதுங்கிப்போனது. வெப்பமண்டலத்தைக் குளிர்நாட்டுச் சட்டகத்துக்குள் வைக்க முடியாது என்பதை அந்தப் படங்கள் தெளிவாகக் காட்டிவிட்டன.

காஞ்சிபுரம் சாலையில் போர்

இந்தியாவின் நிலக்காட்சியை வரைய வந்த முதல் தொழில்முறைப் பிரித்தானிய ஓவியர்களில் வில்லியம் ஹாட்ஜஸ் முக்கியமானவர். அவர் கேப்டன் குக்கின் இரண்டாம் கடற்பயணத்தில் (1772–1775) கூடவே சென்று தாகித்தி தீவையும் பசிபிக் கடலின் ஒளியையும் நேரில் பார்த்து வரைந்தவர். வெப்பமண்டல வெளிச்சம் என்றால் என்ன என்று அந்த நாளைய ஐரோப்பிய ஓவியர்களில் அவரளவுக்கு அறிந்தவர்கள் இல்லை எனலாம். அவர் 1780-இல் சென்னையில் வந்து இறங்கினார்.

அதே ஆண்டு ஹைதர் அலியின் படைகள் கர்நாடகச் சமவெளியில் இறங்கின. செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை அழிந்தது. சென்னைக்கும் காஞ்சிபுரத்துக்கும் இடையிலுள்ள நாட்டுப்புறம் முழுவதும் போர்க்களமாயிற்று. ஸ்ரீபெரும்புதூர் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. ஹாட்ஜஸால் உள்நாட்டுக்குள் போக முடியவில்லை. சென்னையிலேயே காத்திருந்து, பின்னர் வங்காளத்துக்குக் கப்பலேறினார். அவருடைய பேர்பெற்ற இந்தியக் காட்சிகள் கங்கைச் சமவெளியைச் சேர்ந்தவை ஆனதற்கு இந்தப் போர் ஒரு காரணம். தொண்டை மண்டலத்தின் ஏரி நாடு ஒரு நல்ல ஓவியரின் கண்ணிலிருந்து இப்படித் தப்பிவிட்டது.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1792-இல், தாமஸ் டேனியலும் அவர் அண்ணன் மகன் வில்லியமும் தென்னிந்தியாவில் பயணம் செய்தார்கள். அவர்களின் 144 அச்சுப்படங்கள் 1795 முதல் 1808 வரை வெளிவந்தன. கோயில், கோட்டை, மலை, அருவி ஆகியவை அவற்றில் நிறைய உண்டு. சமவெளியும் வயலும் ஏரியும் பெரும்பாலும் பின்னணியாக மட்டும் வரும். பார்க்கத் தகுந்த காட்சி என்றால் உயர்ந்து நிற்பதோ இடிந்து கிடப்பதோ ஆக இருக்க வேண்டும் என்பது அன்றைய ஐரோப்பிய ரசனை. தட்டையாக, நீர் நிரம்பி, வரப்பு வரப்பாகக் கிடக்கும் நிலம் அதில் அடங்கவில்லை.

இவர்கள் எவரும் பயணத்தில் பாஸ்டலை நம்பவில்லை. நீர்வண்ணமும் பென்சிலும் எண்ணெயுமே அவர்களுடைய கருவிகள். மாட்டுவண்டியில் குலுங்கிச் செல்லும் பெட்டிக்குள் பொடி ஓவியம் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. கண்ணாடியோ கப்பலில் வரவேண்டிய பொருள். ஓசியாஸ் ஹம்ப்ரி என்ற ஓவியரின் கதை இதற்குப் பொருத்தமானது. 1785 முதல் 1787 வரை இந்தியாவில் நுண்சிற்றோவியங்கள் வரைந்த அவர், இங்கிலாந்துக்குத் திரும்பிக் கண்பார்வை மங்கிய பிறகே பாஸ்டலை முதன்மையாக எடுத்தார். 1792-இல் அரசரின் பாஸ்டல் ஓவியராகவும் ஆனார்.

கல்கத்தா வழியாகச் சென்னைக்கு

மருத்துவரான அலெக்சாண்டர் ஹன்டர் 1850-இல் சென்னையில் ஓவியப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். இரண்டே ஆண்டுகளில் அரசு அதை ஏற்றுக்கொண்டது. இன்று பெரியமேட்டில் உள்ள அரசு கவின்கலைக் கல்லூரியின் தொடக்கம் அதுதான். பெயர் ஓவியப் பள்ளி என்றாலும் நோக்கம் தொழில். மட்பாண்டம், உலோக வேலை, மரவேலை, செதுக்கு வேலை ஆகியவற்றுக்கு ஆட்களைப் பயிற்றுவிப்பதே அங்கே பெரிதாக இருந்தது. ஒளியையும் வானத்தையும் பிடிக்கும் நிலக்காட்சிக்கு அந்தப் பாடத்திட்டத்தில் பெரிய இடமில்லை.

1884 முதல் இப்பள்ளியை நடத்திய ஈ. பி. ஹாவெல் 1896-இல் கல்கத்தா ஓவியப் பள்ளிக்குத் தலைவராகப் போனார். அங்கே அவருக்கு நெருக்கமானவர் அவனீந்திரநாத் தாகூர் (1871–1951). அவனீந்திரநாத் ஏற்கெனவே அதே பள்ளியைச் சேர்ந்த இத்தாலிய ஆசிரியர் கிலார்டியிடம் பாஸ்டலும், சார்லஸ் பால்மரிடம் எண்ணெய் ஓவியமும் கற்றிருந்தார். தம் குடும்பத்தாரின் உருவப்படங்களை அவர் பாஸ்டலில் வரைந்திருக்கிறார். இந்தியப் புத்தோவிய இயக்கத்தின் மூலவர் முதலில் கையிலெடுத்த மேலைக் கருவிகளில் பாஸ்டலும் ஒன்று என்பது பலரும் கவனிக்காத செய்தி.

ஆனால் அவர் பெயர் பெற்றது பாஸ்டலால் அல்ல. 1903-இல் யோகோயாமா தைகான், ஹிஷிதா ஷுன்சோ என்ற ஜப்பானிய ஓவியர்கள் கல்கத்தாவுக்கு வந்தார்கள். அவர்களின் முறையைப் பார்த்து, நீர்வண்ணப் படத்தை மீண்டும் மீண்டும் நனைத்து மேலே மெல்லிய வண்ணம் பரப்பும் 'வாஷ்' முறையை அவர் உருவாக்கிக்கொண்டார். விளிம்புகள் கரைந்து, எல்லாம் பனிமூட்டத்தில் நிற்பதுபோல் தோன்றும் முறை அது. பாஸ்டல் பொடியால் கொடுத்த மென்மையை அது நீரால் கொடுத்தது. ஈரம் எங்கும் நிறைந்த வங்காளத்தில், ஈரத்துக்கு அஞ்சும் ஊடகத்தைக் காட்டிலும் ஈரத்தையே பயன்படுத்தும் ஊடகம் வெற்றிபெற்றது இயல்பானதே.

அவனீந்திரநாத்தின் மாணவர் தேவிபிரசாத் ராய் சௌத்ரி 1929-இல் சென்னை ஓவியப் பள்ளியின் முதல் இந்தியத் தலைவராக வந்தார். மெரினாவில் உள்ள உழைப்பாளர் சிலையைச் செய்தவர் என்ற அளவில் தமிழர்கள் அவரை அறிவார்கள். சிற்பி என்ற புகழ் அவர் ஓவியங்களை மறைத்துவிட்டது. ஹாவெல் இங்கிருந்து அங்கே போனார், ராய் சௌத்ரி அங்கிருந்து இங்கே வந்தார். இந்த இருவழிப் போக்குவரத்தில் நிலக்காட்சி வரையும் பழக்கம் சென்னையில் வேரூன்றியது. அவரிடம் பயின்று, 1957-இல் அவருக்குப் பின் தலைவரான கே. சி. எஸ். பணிக்கர் (1911–1977) இளமையில் வரைந்த கேரள நிலக்காட்சிகள் நீர்வண்ணத்தில் அமைந்தவை. வாய்க்கால், தென்னந்தோப்பு, வெயில் துண்டுகள் விழுந்த பாதை என்று வெப்பமண்டல ஒளியை அதற்குள்ளிருந்தே பார்த்த படங்கள் அவை. பின்னாளில் அவர் சொற்களும் குறியீடுகளும் கொண்ட ஓவியங்களுக்குப் போனார், 1966-இல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை நிறுவினார். சென்னையில் நவீன ஓவியம் வளர்ந்த திசை நிலக்காட்சியைப் பின்னே விட்டுச் சென்றது. பாஸ்டலைத் தம் முக்கிய ஊடகங்களில் ஒன்றாகக் கொண்ட பிற்காலப் பெரிய இந்திய ஓவியரைத் தேடினால், மறுபடியும் கல்கத்தாவுக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. பிகாஷ் பட்டாச்சார்யா (1940–2006) அந்நகரத்தின் முகங்களையும் மாடிகளையும் பாஸ்டலில் வரைந்தவர்.

சீனரி

ஓவியப் பள்ளிக்கு வெளியே, நிலக்காட்சி தமிழர்களிடம் 'சீனரி' என்ற பெயரில் பரவியது. நாடக மேடையின் பின்திரை, புகைப்பட நிலையத்தின் பின்திரை, காலண்டர் ஆகியவை அதைச் சுமந்து வந்தன. சென்னை ஓவியப் பள்ளியில் பயின்ற சி. கொண்டைய ராஜு (1898–1976) நாடகக் குழுவுக்குத் திரை வரைந்தபடியே கோவில்பட்டிக்கு வந்து, அங்கேயே தங்கிக் காலண்டர் ஓவியத்தின் பெரும் பரம்பரையை உருவாக்கினார். அந்தத் தெய்வங்களின் பின்னால் நிற்கும் மலையும் நீரோடையும் அன்னமும் ஒரு மேடைத் திரையின் சாயலைக் கொண்டவை.

இன்றும் எந்தப் பள்ளியிலும் ஒரு பிள்ளையிடம் சீனரி வரையச் சொன்னால் இரண்டு மலைகள், நடுவே உதிக்கும் சூரியன், வளைந்து வரும் ஆறு, ஒரு குடிசை, சாய்ந்த தென்னை, நான்கைந்து பறவைகள் வரும். கண்ணுக்கெட்டிய தூரம் மலையே தெரியாத ஊர்ப் பிள்ளைகளும் அதையேதான் வரைகிறார்கள். ஸ்ரீபெரும்புதூர் அப்படிப்பட்ட ஊர். அங்கே கண் முன்னால் இருப்பது நீளமான ஏரிக்கரை, அதன்மேல் பனைவரிசை, உட்புறம் நீரில் பாதி மூழ்கிய கருவேலமரங்கள், மதகு, கலங்கல், அதற்கப்பால் வயல். இந்தக் காட்சிக்கு மேடைத் திரையில் மாதிரி இல்லை. அதனால் அது சீனரி என்று கருதப்படவே இல்லை. வெப்பமண்டலக் காட்சி என்று பாஸ்டல் கையேடுகளில் வரும் நீலக்கடலும் வெண்மணலும் சாய்ந்த தென்னையும்கூட இன்னொரு வகைச் சீனரிதான்.

ஏரியை வரைதல்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த மார்கழி, தை மாதங்களில் ஏரிகள் நிறைந்திருக்கும். பாஸ்டலுக்கு ஏற்ற வேளை காலை ஆறரை முதல் எட்டு மணிவரை. நண்பகல் வெயிலில் நிழல்கள் காலடியில் சுருங்கி, நிறங்கள் வெளுத்துப்போகும்.

வெள்ளைத் தாள் இதற்கு உதவாது. சாம்பல் அல்லது காவி நிறத் தாளே நல்லது, ஏனெனில் கோடுகளுக்கிடையே தெரியும் தாளின் நிறமும் படத்தில் ஒரு வண்ணமாக வேலை செய்யும். ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தின் செம்மண்ணை ஒத்த பழுப்புத் தாளில் கரையின் மண்ணைத் தனியாக வரையவே வேண்டியதில்லை. சொரசொரப்புக்காகச் சிலர் இரும்புக்கடை உப்புத்தாளில் வரைகிறார்கள். பொடியை அது நன்றாகப் பிடிக்கும் என்றாலும் சில ஆண்டுகளில் பழுத்து நொறுங்கும். பயிற்சிக்குப் போதும், வைத்துக் காக்கும் படத்துக்கு ஆகாது.

கரிக்கோலால் நான்கைந்து கோடுகளில் கரை, மரவரிசை, நீரின் விளிம்பு ஆகியவற்றைக் குறித்த பின், கருநிறத்திலிருந்து வெளிர்நிறத்துக்குப் போவது வழக்கம். நீர்வண்ணத்துக்கு இது நேர் எதிர். அங்கே வெள்ளையைத் தாளில் விட்டுவைக்க வேண்டும், இங்கே கடைசியில் மேலே வைக்கலாம். தொலைவிலுள்ள மரங்களைப் பச்சையில் தொடங்குவதே பலரும் செய்யும் பிழை. ஈரக்காற்றின் ஊடே பார்க்கும்போது அரை மைல் தூரத்திலுள்ள தோப்பு நீலச்சாம்பலாகத் தெரியும். அதன் அடியில் ஊதா வைத்து, மேலே சாம்பல் கலந்த பச்சையை லேசாக இழுத்தால் அந்தத் தூரம் கிடைக்கும். பெட்டியிலுள்ள பச்சைக் குச்சிகள் எல்லாம் ஐரோப்பியப் புல்வெளிக்காகச் செய்தவை போலப் பளிச்சிடும். அவற்றின் அடியில் காவியோ செங்கல் நிறமோ ஓர் அடுக்கு கொடுத்தால்தான் சம்பா வயலின் பச்சை வரும். பாஸ்டலில் வண்ணங்களைத் தட்டில் குழைக்க முடியாது. ஒன்றன்மேல் ஒன்றாகக் கோடு விழுந்து, பார்ப்பவர் கண்ணில்தான் கலக்க வேண்டும்.

பனையின் தலை ஏறக்குறையக் கறுப்பு. கறுப்புக் குச்சியை எடுக்காமல் கரும்பச்சையும் கருஞ்சிவப்பும் சேர்த்தால் அதில் உயிர் இருக்கும். தென்னைக்கு எதிராக, பனையோலையின் விளிம்புகள் விறைப்பானவை. அவற்றை விரலால் தேய்த்து மழுக்கினால் மரம் பஞ்சுப்பொதி ஆகிவிடும். நீருக்கு முதலில் வண்ணங்களை மேலிருந்து கீழாக இழுத்து, பிறகு விரலின் பக்கவாட்டால் கிடையாக ஒரே ஒருமுறை தடவினால் போதும். நீரில் தெரியும் வானம் மேலே உள்ள வானத்தைவிடச் சற்று அடர்த்தியாகவே இருக்கும். கொக்குகள் கடைசியில், ஒவ்வொன்றும் ஒரே அழுத்தலில்.

குளிர்நாட்டுக் கையேடுகள் பேசாத ஒரு தொல்லை இங்கே உண்டு. அது வியர்வை. உள்ளங்கை தாளில் பட்டால் அந்த இடம் மெழுகு பூசியதுபோல் ஆகி, அதன்பிறகு பொடியை ஏற்காது. மணிக்கட்டின் கீழே ஒரு கோலை வைத்து அதன்மேல் கையைத் தாங்கி வரைவதே நல்லது. உதிரும் பொடியை ஊதக்கூடாது. சில நிறமிகளில் காட்மியம் போன்ற உலோகங்கள் உண்டு. பலகையைச் சற்றே முன்னால் சாய்த்து வைத்தால் பொடி தானாகக் கீழே விழும்.

தொழிற்சாலைகளுக்கிடையே

மேலே சொன்ன காட்சி ஸ்ரீபெரும்புதூரில் இன்று தனியாக நிற்பதில்லை. இராமானுசர் பிறந்த தலமாகவும் ஆதிகேசவப் பெருமாள் கோயிலுக்காகவும் அறியப்பட்ட ஊர், 1990-களின் பிற்பகுதியில் தொழில் வட்டாரமாக மாறத் தொடங்கியது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2010-ஐ ஒட்டி ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை வந்தது. சிப்காட் பூங்காக்கள் பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால் வரை விரிந்தன. ஏரிக்கரைப் பனைகளுக்குப் பின்னால் இப்போது ஆலைக்கூரைகளின் நீண்ட கிடைக்கோடும் உயர்அழுத்த மின்கோபுரங்களும் தெரிகின்றன. ஓவியத்தில் அவற்றை விட்டுவிடுவது எளிது. விட்டுவிட்டால் அது மறுபடியும் மேடைத் திரைதான். வெளிர்நீலத் தகடுகளின் நேர்க்கோடு, உண்மையில், காலை மூட்டத்தில் தொலைதூரத் தோப்பைப் போலவே சாம்பலாகக் கரைகிறது. பாஸ்டலுக்கு அது வரையக்கூடிய பொருளே.

2015 டிசம்பர் தொடக்கத்தில் செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பி அடையாற்றில் வெள்ளம் போனபோதுதான் இந்த ஏரிகளின் வலைப்பின்னலைச் சென்னை மக்கள் பலர் முதல்முறையாகக் கவனித்தார்கள். நிலவரைபடத்தில் இருக்கும் ஏரியின் எல்லையும் மழைக்காலத்தில் நீர் தானே வகுத்துக்கொள்ளும் எல்லையும் ஒன்றல்ல. நேரில் அமர்ந்து வரைந்த படத்தில் இரண்டாவது எல்லை பதிவாகும். கரை எந்த இடத்தில் வளைந்தது, கலங்கலுக்குக் கீழே எது வயலாக இருந்தது என்பதை ஓராண்டுக்குப் பிறகும் அதில் பார்க்கலாம்.

இந்தத் தொழிற்சாலைகளில் ஒன்றுக்கு இக்கட்டுரையின் பொருளோடு நேரடித் தொடர்பு உண்டு. 1665-இல் கோல்பேர் நிறுவிய அதே கண்ணாடி நிறுவனம், சான்-கோபேன், 2000-ஆம் ஆண்டில் ஸ்ரீபெரும்புதூரில் தட்டைக் கண்ணாடி உற்பத்தியைத் தொடங்கியது. மேசையில் ஊற்றித் தேய்க்கும் பழைய முறை இப்போது இல்லை. உருகிய வெள்ளீயத்தின்மேல் உருகிய கண்ணாடியை மிதக்கவிட்டு, தேய்க்காமலேயே கண்ணாடி போன்ற சமதளம் பெறும் மிதவை முறை 1950-களில் இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனத்தில் உருவானது. லா தூரின் காலத்தில் அரண்மனைகளுக்கு மட்டும் கட்டுப்படியான அளவுள்ள பலகை இன்று எந்தச் சட்டக்கடையிலும் கிடைக்கிறது. பாஸ்டலின் முதல் தடை இப்படி நீங்கிவிட்டது.

ஈரமும் பூஞ்சையும்

இரண்டாவது தடை அப்படியே இருக்கிறது. குச்சியிலுள்ள பிசினும் தாளிலுள்ள பசையும் பூஞ்சைக்கு உணவு. காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டி நீடித்தால் பூஞ்சை வளரும் வாய்ப்பு கூடுகிறது. சென்னை வட்டாரத்தில் ஆண்டின் பெரும்பகுதி அந்த அளவைத் தாண்டியே இருக்கும். கருநிறப் பகுதிகளில் சாம்பல் புள்ளிகளாக முதலில் தெரியும். துடைத்தால் பூஞ்சையோடு படமும் போய்விடும்.

சட்டமிடும் முறையில்தான் இதற்குப் பாதித் தீர்வு இருக்கிறது. கண்ணாடி படத்தைத் தொடவே கூடாது. தொட்டால் இரவில் உட்புறம் படியும் ஈரம் நேராகப் பொடியில் இறங்கும். கண்ணாடிக்கும் தாளுக்கும் இடையே தடித்த அட்டை விளிம்போ மெல்லிய மரச்சட்டமோ வைத்து ஏழெட்டு மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும். விளிம்பு அட்டைக்குப் பின்னால் ஒரு சிறு பள்ளம் இருந்தால் உதிரும் பொடி கண்ணுக்குத் தெரியாமல் அதில் விழும். பின்புறம் அமிலமற்ற அட்டை, அதன்மேல் தூசி புகாமல் ஒட்டுத்தாள். மழைநீர் இறங்கும் வெளிச்சுவரில் மாட்டாமல் உட்சுவரில் மாட்டி, சட்டத்தின் கீழ்முனைகளில் இரண்டு தக்கைத் துண்டுகளை ஒட்டிவைத்தால் சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்று போகும்.

எடை குறைவு, உடையாது என்று சொல்லிக் கண்ணாடிக்குப் பதிலாக அக்ரிலிக் தகட்டைச் சட்டக்கடைகளில் பரிந்துரைப்பதுண்டு. மற்றப் படங்களுக்கு அது சரி. துணியால் துடைக்கும்போது அக்ரிலிக்கில் நிலைமின்னூட்டம் ஏறும், அது பொடியைத் தாளிலிருந்து தன்பால் இழுத்துக்கொள்ளும். மென்பாஸ்டலுக்குக் கண்ணாடியே கேட்டு வாங்க வேண்டும்.